சவரி வளர்த்த வான்கோழி

1

எங்கள் தெருமுனை இறைச்சிக் கடைக்காரர் நவம்பர் பிறந்ததும் கண்ணாடியில் ஒரு அட்டையை ஒட்டிவிடுவார். கிறிஸ்துமஸ் வான்கோழி வேண்டுமென்றால் இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள் என்று. பக்கத்தில் ஒரு வான்கோழியின் படம். தன்னையே வாங்கச் சொல்லி அது சிரித்துக்கொண்டிருக்கும். நேற்று அந்த அட்டையைப் பார்த்துவிட்டு என் மகள் ஷெரின், "இந்த வருஷமாவது டர்க்கியாம்மா?" என்று கேட்டாள். பஸ் வருகிறது என்று சொல்லி நான் பேச்சை மாற்றினேன். பஸ் எதுவும் வரவில்லை.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் நட்டநடுவில் ஒரு ஊர். எந்தப் பக்கம் போனாலும் கடல் எட்டாது. நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். கணவர் அருள் கிடங்கில் வண்டி ஓட்டுகிறார். மரக்காணத்து உப்பளத்தில் கூலி வேலை செய்தவர்களின் மகள் நான். இங்கே வந்த பிறகு கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே மண்டையைப் பிய்த்துக்கொள்கிற ஆளாகிவிட்டேன். ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். அங்கே ஆட்டுக்கறியா கோழியா என்று முந்தின நாள் முடிவெடுத்தால் போதும். இங்கே கடை, பள்ளிக்கூடம், டி.வி. எல்லாம் சேர்ந்து வான்கோழி, வான்கோழி என்று காதில் ஓதிக்கொண்டே இருக்கும். அது இல்லாத வீட்டில் கர்த்தர் பிறக்கவே மாட்டார் போல.

எனக்கு வான்கோழி மேல் கோபம் இல்லை. பயம்தான். மரக்காணத்தில் என் தங்கை ஆரோக்கியத்தின் வாசலில் ஒரு வான்கோழி இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லாமல் போன வருடம், 2005இல், எங்கள் கிறிஸ்துமஸ் சாப்பாடு என்ன ஆனது என்பதைச் சொல்ல முடியாது. ஷெரினுக்குச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்ற தைரியத்தில் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நாங்களும் ஒரு முறை வான்கோழி சுட்டிருக்கிறோம். வந்த புதிதில், உறைந்து கல்லாகக் கிடந்த ஒன்றை வாங்கிவந்து அப்படியே அடுப்புக்குள் தள்ளினோம். வெளியே கரியானது. அறுத்தபோது உள்ளே ஐஸ் நறநறவென்றது. பிறகு துண்டு போட்டு மசாலா அரைத்து ஊற்றினோம். அந்தக் கறி மசாலாவைக் கிட்டே சேர்க்கவில்லை. தேங்காய் நாரை மென்றதுபோல் இருந்தது. குருமா, வறுவல், கடைசியில் பிரியாணி என்று வருடப் பிறப்பு வரை அதைத்தான் தின்றோம். அன்றிலிருந்து வான்கோழி என்ற பேச்சை எடுத்தாலே அருள் கையெடுத்துக் கும்பிடுவார்.

எங்கள் வீட்டில் திருநாள் சாப்பாட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. இலை போட்டதும் சோறு விழுவதற்கு முன்னால் ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு வைப்போம். பல வீடுகளில் வைப்பதுதான், ஆனால் எங்கள் உப்பளத் தெருவில் அதற்கு இன்னொரு பாதியும் இருந்தது. இறந்தவர்களுக்குப் போடும் இலையில் உப்பு வைக்க மாட்டார்கள். கல்லறைத் திருநாளன்று கல்லறைக்குப் போவதற்கு முன் வீட்டில் ஒரு இலை போடுவோம். அதில் எல்லாம் இருக்கும், ஓரத்து உப்பு மட்டும் இருக்காது. இதெல்லாம் நம் வேதத்தில் இல்லை என்று பங்குச் சாமியார் ஒவ்வொரு வருடமும் திட்டுவார். திட்டு வாங்கிக்கொண்டே செய்வோம். ஒரு இலையைப் பார்த்தால் அது இருக்கிறவருக்கா, போனவருக்கா என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

3

ஆரோக்கியத்தின் கணவர் சவரி உப்பு லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். மழைக்காலத்தில் உப்புப் பாத்தி வேலை நின்றுவிட்டாலும், கீற்றுப் போட்டு மூடிவைத்த உப்பு அம்பாரங்களிலிருந்து லோடு போய்க்கொண்டுதான் இருக்கும் என்பதால் அவருக்கு எப்போதும் வேலை இருந்தது. பேச வாயைத் திறப்பதற்கு முன்பே சிரித்துவிடுவார். எங்கள் வான்கோழிக் கதையை நான் போனில் சொன்னபோது அவருக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

"செத்தத ஐஸ்ல வெச்சி மறுபடியும் சாவடிச்சா எப்பிடிக்கா நல்லா இருக்கும்? நீ ஊருக்கு வா. நான் உயிரோட ஒண்ணு வளத்து வெக்கறேன்."

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். பக்கத்து ஊரான கூனிமேட்டில் யாரிடமோ ஒரு குஞ்சை வாங்கிவந்தேவிட்டார். அது ஆண். வளர வளரத் தெருப் பிள்ளைகளை எல்லாம் துரத்தியது. ஆரோக்கியத்தைக்கூடக் கொத்தியது. சவரியிடம் மட்டும் குழைந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அவருடைய டி.வி.எஸ். வண்டி தெருவுக்குள் திரும்பினால் கழுத்தை நீட்டி, தாடி ஆட, கொளகொளவென்று ஒரு கத்து கத்தும். வேறு எந்த வண்டிக்கும் அப்படிக் கத்தாது. அதைக் கேட்டுத்தான் ஆரோக்கியம் சோற்றைப் போடுவாள். வீட்டில் கடிகாரம் ஓடவில்லை, அது நின்றுபோனதை யாரும் கவனிக்கவும் இல்லை.

2004 கிறிஸ்துமஸுக்கு நாங்கள் ஊருக்குப் போவதாக இருந்தது. தங்கும் அனுமதியை நீட்டிக்கப் பாஸ்போர்ட்டுகளை அனுப்பியிருந்தோம். உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று கடிதம் வந்தது. பிறகு அதே கடிதம் மறுபடியும் வந்தது. பாஸ்போர்ட் வரவில்லை. இந்த நாட்டில் ஒரு மேசையில் நம் காகிதம் உட்கார்ந்துவிட்டால் நாமும் அங்கேயே உட்கார வேண்டியதுதான். பயணத்தை ரத்து செய்துவிட்டு அழுதுகொண்டே ஊருக்குப் போன் செய்தேன். அது எங்கே போகப்போகிறது, அக்கா வரும்வரை இருக்கட்டும் என்று சவரி சொன்னார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் சாதாரணக் கோழிதான் அடித்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கறி தின்று வாய் மந்தமாக இருக்கிறது, மீன் குழம்பு வைக்கலாம் என்று ஆரோக்கியம் சொல்லியிருக்கிறாள். சவரி பையை மாட்டிக்கொண்டு வண்டியில் கடற்கரைக்குப் போனார். அன்றைக்குத்தான் கடல் உள்ளே வந்தது.

சில நாள் கழித்து வண்டி கிடைத்தது. கடற்கரையில் இல்லை. ரோட்டுக்கு மறுபக்கம், மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து நின்ற உப்புப் பாத்தியின் நடுவில் இருந்தது. விழவில்லை. ஸ்டாண்டு போட்டு நிறுத்தியதுபோல் நேராக நின்றிருந்தது. பை கைப்பிடியில் தொங்கியது, காலியாக. சவரி கிடைக்கவில்லை.

4

அதற்குப் பிறகு ஆரோக்கியத்திடம் ஒரு செல்போன் இருந்தது, ஊரிலேயே இருக்கும் எங்கள் தம்பி வாங்கிக் கொடுத்தது. வேலை இல்லாத நாட்களில் காலையில் எழுந்ததும் காலிங் கார்டைச் சுரண்டி அவளைக் கூப்பிடுவேன். அங்கே மதியமாகியிருக்கும். முதல் சில மாதம் அவள் அதிகம் பேசவில்லை. பிறகு பேசினாள், சாதாரணமாகவே பேசினாள். மழை, பக்கத்து வீட்டுச் சண்டை, ரேஷன் அரிசி. ஊரே மீன் சாப்பிடாமல் இருந்ததையும், மெல்ல மெல்லத் திரும்ப வாங்க ஆரம்பித்ததையும், தான் மட்டும் இன்னும் வாங்கவில்லை என்பதையும் சொன்னாள்.

ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. கொளகொளவென்று.

"அவரு வந்துட்டாரு. வெச்சிடறேன்க்கா, சோறு போடணும்."

வைத்துவிட்டாள். கார்டில் நிமிடங்கள் இன்னும் மிச்சம் இருந்தன. நான் போனைக் கையில் பிடித்தபடி சமையலறையில் நின்றேன். அருள் என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன். பாண்டிச்சேரி ரோட்டில் ஏதாவது பஸ் ஹார்ன் அடித்திருப்பான், வான்கோழி எல்லாச் சத்தத்துக்கும் கத்தும், அதன் புத்தி அவ்வளவுதான் என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. நான் வேறு வேறு நேரத்தில் கூப்பிட்டுப் பார்த்தேன். பஸ் ஹார்ன் கேட்டது, லாரி கேட்டது, கோயில் ஸ்பீக்கர்கூடக் கேட்டது. வான்கோழி கத்தவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குக் கூப்பிட்டால் மட்டும் கத்தியது. ஒவ்வொரு முறையும் ஆரோக்கியம் அதே வார்த்தையைச் சொல்லி வைத்தாள்.

தினமும் அவருக்கு இலை போடுகிறாள் என்று தம்பி சொன்னான். ஓரத்தில் உப்பு வைக்கிறாளாம். சாயங்காலம் அந்தச் சோற்றை வான்கோழிக்குப் போடுகிறாளாம். கல்லறைத் திருநாளன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கும் இலையில் உப்பு இருந்தது.

5

அந்த நவம்பரில்தான் ஷெரின் வான்கோழி கேட்டாள். வகுப்பில் எல்லார் வீட்டிலும் அதுதானாம், இவளிடம் கேட்டால் என்ன சொல்வது என்றாள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டதற்கு, காய்ந்த கறி, உங்கப்பாவுக்கு ஆகாது என்றேன். அருள் உடனே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கட்சி சேர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அப்படியானால் மாற்று என்ன என்று மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தோம். வாத்து என்றேன். ஒரே கொழுப்பு என்றார் அருள். வாத்தைவிடப் பெரியதாக, கூஸ் என்று ஒன்று உண்டு, அது எங்கள் அடுப்புக்குள் நுழையாது. பருப்புகளை அரைத்துக் கட்டியாகச் சுட்ட ஒன்றை சைவக்காரர்கள் செய்வார்கள் என்று ஷெரின் பள்ளியில் கேட்டு வந்திருந்தாள். "பருப்பு வடைய செங்கல்லு சைஸ்ல தட்டணும், அதானே?" என்று அருள் கேட்டார். அதுவும் முடிந்தது. கடைசியாக, முழு சால்மன் மீனை வேகவைத்து மேசை நடுவில் வைக்கலாம், தன் சிநேகிதி வீட்டில் அப்படித்தான் என்றாள் ஷெரின். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் ஒரு வருடமாக மீன் சமைக்கவில்லை என்பதே அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பட்டாணி வாங்கப் போன இடத்தில் பெரிய உறைபெட்டி முழுக்க வான்கோழிகள் வரிசையாகப் படுத்திருந்தன. வெள்ளை பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றி, கழுத்தில்லாமல். கழுத்து மட்டும் இருந்தால் இப்போது எல்லாம் ஒன்றாகத் திரும்பிப் பார்க்கும் என்று எனக்குத் தோன்றியது. பட்டாணி வாங்காமல் வந்துவிட்டேன்.

கடைசியில் ஆட்டுத் தொடை என்று முடிவானது. தெருமுனைக் கடையில் நான்தான் பேசினேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் ஆங்கிலம் சமயத்தில் காலை வாரிவிடும். தொடைக்குப் பதில் பாதம் என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர், ஆடு ஷூ போட்டு வர வேண்டுமா என்று கேட்டுச் சிரித்தார். ஷெரின் வெட்கத்தில் நெளிந்தபடி திருத்தினாள். எத்தனை பேருக்கு என்று அவர் கேட்டார். நாலு பேருக்கு என்றேன்.

நாங்கள் மூன்று பேர். நாலு என்று சொன்னது அப்போது எனக்கே தெரியவில்லை. ஷெரின் ஏன் அதைத் திருத்தவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

6

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் தம்பி கூப்பிட்டான். வருட நினைவுக்கு இருபத்தாறாம் தேதி பூசை வைக்கிறார்கள், கடலில் போனவர்கள் பெயரை எல்லாம் பீடத்தில் வாசிப்பார்கள். ஆரோக்கியம் தன் வாயால் பெயர் கொடுத்தால்தான் சவரியின் பெயரை வாசிப்பேன் என்று சாமியார் சொல்லிவிட்டார். அவள் கொடுக்க மாட்டேன் என்கிறாள். இறந்துவிட்டார் என்று எழுதிக்கொண்டு சர்க்காரிலிருந்து வந்து கேட்டபோதும் கையெழுத்துப் போடவில்லை. அதுகூடப் போகட்டும், வீட்டை விட்டே நகர மாட்டேன் என்கிறாள் என்றான் தம்பி. உப்பு வாருகிற காலம் முழுக்க அவள் ஒரு நாளும் பாத்திக்கு வேலைக்குப் போகவில்லை. மதியம் வீட்டில் இருந்தாக வேண்டுமே. உடம்பு பாதியாகிவிட்டது.

"நீ சொன்னா கேப்பா. இப்பிடியே உட்டா அவளும் போயிடுவா."

அவளைச் சின்ன வயதிலிருந்து அதட்டி வளர்த்தவள் நான். அதட்டுவது என்று முடிவு செய்துகொண்டுதான் கூப்பிட்டேன். ஒரு வருடமாகிவிட்டது, நீ பெயரைக் கொடுத்தால்தான் அவருக்கும் நிம்மதி என்று ஏதேதோ சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"தெனம் வந்து சாப்புட்றவரு பேர எப்பிடிக்கா குடுக்கறது?" என்றாள். பிறகு, "வண்டிக்கி ஸ்டாண்டு போட்டுட்டு எறங்கிப் போயிருக்காரு. தண்ணியில அடிச்சிக்கினு போறவன் ஸ்டாண்டு போடுவானா? நீயே சொல்லு."

அந்த ஸ்டாண்டைப் பற்றி நானும்தான் ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

7

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து வந்து தொடையை அடுப்பில் வைத்தேன். மிளகு, பூண்டு, சோம்பு அரைத்துத் தடவி, கத்தியால் குத்தி உள்ளேயும் அடைத்திருந்தேன். வீடு முழுக்க நம் ஊர் வாசனை. ஷெரின் தானாகவே மேசை தயார் செய்தாள். மெழுகுவத்தி, சிவப்புத் துணி, தட்டுகள். நான் கறியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மேசையில் நாலு தட்டுகள் இருந்தன.

யாருக்கு என்று கேட்டேன். நீதானே கறிக்கடையில் நாலு பேர் என்றாய், யாரையோ கூப்பிட்டிருக்கிறாய் என்று நினைத்தேன் என்றாள். அருள் என்னைப் பார்த்தார். தட்டை எடுக்கப் போனேன். எடுக்கக் கை வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

ஊரிலிருந்து வந்த ஒரு நண்பர் மூலம் சவரி முன்பு கொடுத்தனுப்பிய கல்லுப்பு ஒரு ஜாடியில் இருக்கிறது. திருநாளுக்கு மட்டும்தான் எடுப்பேன். வழக்கம்போல் ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டே வந்தேன். அருளுக்கு, ஷெரினுக்கு, எனக்கு. நாலாவது தட்டுக்கு வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. விரலில் உப்பு இருந்தது. பிறகு அதைத் திரும்ப ஜாடியிலேயே போட்டுவிட்டேன்.

ஷெரின் அந்தத் தட்டிலும் கறி வைத்தாள். எல்லாரும் சாப்பிட்டோம், நன்றாகத்தான் இருந்தது. அந்த நாற்காலியை யாரும் பார்க்கவில்லை. அடுப்புச் சூட்டில் ஜன்னல் கண்ணாடி எல்லாம் பனித்திருந்தது. அந்த நாற்காலிக்குப் பின்னால் இருந்த ஒரு கண்ணாடி மட்டும் தெளிவாக இருந்தது. சட்டத்தில் ஏதோ இடுக்கு இருக்கும், காற்று வருகிறது என்று அருள் பிறகு சொன்னார். இதுவரை அந்த இடுக்கை அவர் கண்டுபிடிக்கவில்லை.

சாப்பிட்டதும் ஆரோக்கியத்தைக் கூப்பிட்டேன். அங்கே இருட்டி, விளக்கு வைத்திருப்பார்கள். உடனே எடுத்தாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"இன்னிக்கி அது கத்தலக்கா."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மதியத்துலேருந்து இலையப் போட்டுட்டு ஒக்காந்திருக்கேன். அது வாசல்லயேதான் நிக்குது. வாயே தொறக்கல." அப்புறம்தான் கேட்டாள். "அக்கா, அங்க வந்தாரா?"

சமையலறையில் அருள் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார். மேசையில் நாலாவது தட்டு வைத்தபடியே இருந்தது.

"ஒன்னப் பாக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாரு. போன வருசம் நீ வரல. அதான் கேக்கறேன்."

"வந்தாரு," என்றேன்.

"சாப்ட்டாரா?"

"சாப்ட்டாரு. ஆட்டுத் தொட. நம்ம மசாலாதான்."

நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"உப்பு வெச்சியா?"

அதற்கு நான் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வெக்கலடி."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. நான்தான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். என் தங்கையின் வீட்டுக்காரரை நான் என் கையால், ஒரு சிட்டிகை உப்பால், அனுப்பிவைத்துவிட்டேன் என்று இருந்தது. மனசு ஆறவில்லை.

"சரி," என்றாள் ஆரோக்கியம். "காலைல சாமியார்கிட்ட பேரக் குடுத்துடறேன். நீ அழாத."

அப்போது அவளுக்குப் பின்னால் வான்கோழி கத்தியது. இருட்டிய பிறகு எந்தக் கோழியும் வாயைத் திறக்காது. இது கழுத்தை நீட்டிக் கத்துகிற கத்து, தெருவில் வண்டி திரும்பும்போது கத்துகிற கத்து. நிற்காமல் கத்தியது. அதற்கும் பின்னால் வண்டிக்கு ஸ்டாண்டு போடும்போது இரும்பு தரையில் தட்டுவதுபோல ஒரு சத்தம், ஒரே ஒரு தடவை.

ஆரோக்கியம் மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

"கேக்குதாக்கா?"

நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லியே," என்றேன். "ஒண்ணும் கேக்கல."

அது இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"அப்ப எனக்கும் கேக்கலக்கா," என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.